ஆறு சுற்றி வந்த மேடு

கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பார்க்க 18 படி ஏற வேண்டும். கோயில் ஏன் இவ்வளவு மேட்டில் இருக்கிறது என்பதற்குத் தலபுராணம் ஒரு கதை சொல்லும். கேசி என்ற அசுரனை அடக்கி, அவன்மேல் பெருமாள் பள்ளிகொண்டார். கேசியின் மனைவி வேண்டிக்கொள்ள, ஆறுகள் பெருகிப் பெருமாளை அழிக்க வந்தன. பூமாதேவி அந்த இடத்தை உயர்த்திக் கொடுத்தாள். வந்த வெள்ளம் அவரை வட்டமாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அதுதான் கோதையாறும் பரளியாறும்.

சித்திரைக் காலையில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். பிராகாரத் தூண்தோறும் விளக்கேந்திய பாவைகள். மேற்கு பார்த்துப் பள்ளிகொண்ட 22 அடித் திருமேனி ஒரே வாசலில் அடங்காது. மூன்று வாசல்களில் பகுதி பகுதியாகத்தான் சேவிக்க முடியும். கடுசர்க்கரை யோகம் என்ற மூலிகைக் கலவையில் ஆன மூலவர் என்பதால் அபிஷேகம் கிடையாது. மாமி மூன்று வாசலிலும் நின்று முடித்துவிட்டு, மறுபடி முதல் வாசலுக்கே போனாள். கூட்டமில்லாத நாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் நடை சாத்தியதும் குலசேகரம் வழியாகத் திற்பரப்பு. அருவியில் நல்ல தள்ளு. அதற்கு மேலே, பாறைப் படுகை தாண்டித் தடுப்பணையில் கோதையாறு தேங்கி நிற்கிற இடத்தில் சின்னப் படகு விடுகிறார்கள். ஏறினோம். கரையெல்லாம் ரப்பரும் தென்னையும். பாறையும் மண்ணும் கோரையுமாய் அங்கங்கே திட்டுகள். படகு ஒவ்வொன்றையும் ஒதுங்கிச் சுற்றிப் போனது.

"மழ காலத்துல இந்தத் திட்டு ஒண்ணும் வெளிய தெரியாது, பாத்துக்கிடுங்க. இந்தா, இது ஒண்ணுதான் முங்காது," என்றார் படகுக்காரர். காட்டிய திட்டு மற்றவற்றைவிட ஒரு ஆள் உயரம் கூடுதல்.

"அப்பம் காலைல பாத்த சாமி இப்பிடித்தான் கிடந்தாராக்கும்," என்றாள் மாமி.

கதை எனக்கு அதற்கு முன்பும் தெரியும். ஆற்றின் கண்ணால் அதைப் பார்த்தது அப்போதுதான். அழிக்க வந்த தண்ணீர், உயரத்தைக் கண்டதும் இரண்டாகப் பிரிந்து பிரதட்சிணம் வருகிறது. இங்கே எங்கள் படகைத் தாங்கிய அதே கோதையாறுதான் கீழே மூவாற்றுமுகத்தில் பரளியாற்றோடு சேர்ந்து, குழித்துறை தாண்டித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிறது.

கரையேறி அன்னாசி தின்றோம், மிளகாய்ப்பொடி போட்டு.

சாயங்காலம் நடை திறந்ததும் அருவிக்கரையிலுள்ள திற்பரப்பு மகாதேவர் கோயில். தட்சன் வேள்வியை அழித்த வீரபத்திரர் கோபம் ஆறாமல் வந்து அமர்ந்த தலம் என்பார்கள். இவரும் மேற்கு பார்த்தவர். மகாசிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டேதான் ஓடுவார்கள். திற்பரப்பு அதில் மூன்றாவது. மாமியும் சிவன் சன்னதியில் கோவிந்தா என்றுதான் கும்பிட்டாள், சத்தமாகவே.

போகிறவர்கள் வேட்டி கட்டிக்கொண்டு போங்கள். திருவட்டாற்றைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்; அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஓடினால் நடை சாத்தியிருக்கும்.