தாதியப் பட்டப்படிப்பு: முதலாம் வருடத்தை எப்படிப் படிப்பது?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்து, இசட் புள்ளியும் சரிவந்து, தாதியப் பட்டப்படிப்புக்குத் தெரிவான தங்கச்சிமாரும் தம்பிமாரும் முதலில் கேட்பது, “முதல் வருஷம் கஷ்டமா?” என்றுதான். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தாதிய பீடமோ, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகமோ, எங்கே போனாலும் நான்கு வருடப் படிப்பு, ஆங்கில மொழிமூலம். முதல் வருடத்தில் வருகிற பாடங்களும் பெரும்பாலும் ஒன்றுதான்: உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல், நுண்ணுயிரியல், உளவியல், சமூகவியல், ஆங்கிலம். இவற்றோடு தாதியத்தின் அடிப்படைகள்.

இந்தக் கடைசிப் பாடத்தைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். “கட்டில் விரிப்பதும் காய்ச்சல் பார்ப்பதும்தானே” என்று ஒதுக்கிவிட்டு, 206 எலும்புகளின் பெயரோடு இரவிரவாக மல்லுக்கட்டுகிறார்கள். என் கருத்தில் அடிப்படைகள் பாடத்தை நடுவில் வைத்து, மற்றவற்றை அதோடு சேர்த்துப் படித்தால் பாதிப் பாரம் குறையும்.

பிரஷர் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்ததும் நாடியில் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. காற்றை மெதுவாக விடும்போது, இதயம் சுருங்கும் நேரத்து அமுக்கத்தைவிடப் பட்டியின் அமுக்கம் குறைந்தவுடன் இரத்தம் இடித்துக்கொண்டு பாய்கிறது. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கிற முதல் ‘டப்’ அதுதான்; அந்த நேரத்து அமுக்கம் மேல் அளவு. ஓட்டம் வழமைக்குத் திரும்பியதும் சத்தம் மறைந்துவிடும். அப்போதைய அமுக்கம் கீழ் அளவு. 1905இல் கொரொட்கொவ் என்ற ரஷ்ய மருத்துவர் விவரித்த சத்தங்கள் இவை. இது விளங்கிவிட்டால், தடித்த கைக்குச் சின்னப் பட்டி போட்டால் ஏன் அளவு கூடக் காட்டும், கையை ஏன் இதயத்தின் மட்டத்தில் வைக்கவேண்டும் என்பதெல்லாம் பாடமாக்காமலே வரும். உடற்றொழிலியல் வினாவுக்கும் அதே விடைதான்.

படுக்கைப் புண்ணும் அப்படித்தான். திரிகம் (முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்பு), குதிக்கால், இடுப்பெலும்பு என்று எலும்பு தோலுக்கு அருகில் இருக்கும் இடங்களை உடற்கூற்றியலில் படிக்கிறீர்கள். அசையமுடியாத நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்வது அந்த இடங்களுக்காகத்தான். ஒரே பக்கமாகக் கிடந்தால் நுண்குழாய்கள் நசுங்கி, இரத்தம் போகாமல் திசு இறந்துவிடும்.

உயிர் இரசாயனவியலில் வட்டங்களையும் அம்புக்குறிகளையும் பார்த்துப் பயப்படவேண்டாம். குளுக்கோஸ், இன்சுலின், சோடியம், பொட்டாசியம், அமில-கார சமநிலை ஆகியவற்றில் உறுதியாக இருங்கள். பிறகு வார்ட்டில் தினமும் தேவைப்படுவது இவைதான். நுண்ணுயிரியலில் தொற்றுச் சங்கிலியும் (கிருமி ஒருவரிலிருந்து இன்னொருவருக்குப் பரவும் படிகள்) கிருமியழிப்பும் முக்கியம். உளவியலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், மனித வாழ்வின் உளவளர்ச்சியைச் சொல்லும் உளவியலாளர் எரிக்சனின் 8 பருவங்கள் போன்றவை நிதானமாகப் படித்தால் நல்ல புள்ளி தரும்.

தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் முதல் மாதங்களில் மலைப்பாகத்தான் இருக்கும். விஷயத்தைத் தமிழில் விளங்கிக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் அன்றன்றைய பாடத்தில் ஒரு வினாவுக்காவது ஆங்கிலத்தில் விடை எழுதிப் பாருங்கள். ‘ஹைப்போ’ (குறைவு), ‘ஹைப்பர்’ (கூடுதல்), ‘டக்கி’ (வேகம்), ‘பிரடி’ (மெதுவு) போன்ற முன்னொட்டுகளைத் தெரிந்துகொண்டால் புதிய சொற்கள் பாதி தானாகவே பிடிபடும்.

சிங்களமும் வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற இடங்களில் பெரும்பாலான நோயாளர்கள் உங்களோடு சிங்களத்தில்தான் பேசுவார்கள். “கொஹெத ரிதென்னே?” என்று எங்கே நோகிறது எனக் கேட்கவும், பதிலை விளங்கிக்கொள்ளவும் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம். அதே வார்ட்டில் மலையகத்திலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வந்த ஓர் அம்மா, சொல்லத் தெரியாமல் நோவை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். “மிஸ், தமிழா?” என்று கேட்டுவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் உங்களிடம் கொட்டுவார். அதைக் கவனமாகக் கேட்டு, பொறுப்பான தாதியிடம் உடனே சொல்லுங்கள். நோயாளியின் நிலையை மதிப்பிடுவதுதான் தாதியச் செயன்முறையின் 5 படிகளில் முதலாவது.

அப்புறம் செய்முறைப் பரீட்சை, அதாவது ஒஸ்கி. கைவேலை தெரிந்தவர்களும் இதில் புள்ளி இழப்பது சின்ன விஷயங்களில்தான்: கை கழுவவில்லை, தன்னை அறிமுகப்படுத்தவில்லை, செய்யப்போவதை நோயாளிக்கு விளக்கவில்லை, திரையை இழுத்து மூடவில்லை. சுவாசம் எண்ணும்போது மட்டும் எண்ணுவதாகச் சொல்லக்கூடாது; சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். நாடி பார்த்த விரலை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 20 வரை வழமையானது.

பரீட்சைக்கு முன் மூன்று பேராகச் சேர்ந்து பழகுங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் தாதி, மூன்றாமவர் படிமுறைத் தாளைக் கையில் வைத்துப் புள்ளியிடுபவர். அந்த மூன்றாவது இடத்தில் எல்லோரும் மாறி மாறி இருந்து பாருங்கள். அடுத்தவர் விடுகிற படி எது என்று அங்கிருந்துதான் பளிச்சென்று தெரியும்.