அது குறட்டை இல்லை

அப்பா விழுந்தது ஒரு சனிக்கிழமை காலை. பினாங்கு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடியின் 11வது மாடியில் எங்கள் வீடு. கோப்பி குடித்துவிட்டு கிளாஸைக் கழுவப் போனவர் அடுப்படி வாசலிலேயே சரிந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுபடி ஒரு இழுப்பு.

“மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு” என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. அம்மா கோடாலித் தைலத்தை எடுத்துவந்து அப்பாவின் நெஞ்சில் தேய்க்க ஆரம்பித்தார். தம்பி கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். நான் அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்தேன்.

எடுத்த பெண் மலாயில் கேட்டது இரண்டே கேள்வி. கூப்பிட்டால் அசைகிறாரா? மூச்சு எப்போதும்போல் இருக்கிறதா? “குறட்டை விடுகிறார்” என்றேன். ஒவ்வொரு மூச்சு வரும்போதும் சொல்லுங்கள் என்றார். நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று வந்தது, சொன்னேன். மனதுக்குள் பத்து வரை எண்ணியும் அடுத்தது வரவில்லை. “அது மூச்சில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள், நெஞ்சை அமுக்க ஆரம்பியுங்கள்” என்றார் அவர்.

இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில், மூளையின் அடித்தண்டில் உயிர் இருக்கிறவரை இப்படி விட்டு விட்டு இழுக்குமாம். டாக்டர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிறையக் குடும்பங்கள் இதை மூச்சு என்று நம்பிக் காத்திருந்து நேரத்தை இழக்கின்றன என்றார். அந்தப் பெண் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் நாங்களும் காத்திருந்திருப்போம். நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

தம்பி இன்னும் சாவியோடுதான் நின்றான். காரில் போட்டுப் போய்விடலாம் என்று அவனுக்கு. அடுக்குமாடியின் இரண்டு லிஃப்டில் ஒன்று பல வாரமாகப் பழுது. சனிக்கிழமை காலையில் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் வண்டி நகராது. எல்லாவற்றுக்கும் மேலாக, காரின் பின்சீட்டில் யாராலும் ஒழுங்காக நெஞ்சை அமுக்க முடியாது. “நீ கீழே போ. வாசல் காவலுக்கு இருக்கும் கார்டிடம் சொல்லித் தடுப்பைத் திறந்து வைக்கச் சொல், லிஃப்டைப் பிடித்து வை” என்று கத்தினேன். ஓடினான். அன்று அவன் செய்த வேலை என் வேலைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகம், அதன்மேல் இன்னொரு கை, முழங்கை மடங்கக் கூடாது, 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இவ்வளவுதான் நினைவிருந்தது. பயிற்சிப் பொம்மையில் சரியாக அமுக்கினால் ‘க்ளிக்’ என்று கேட்கும். அப்பாவின் நெஞ்சில் கேட்டது விலா எலும்பு. கையை எடுத்துவிட்டேன். “தெருஸ், தெருஸ்” (நிறுத்தாதே, தொடர்ந்து செய்) என்று போனில் அந்தப் பெண் விடாமல் சொன்னார். அவர் “சத்து, டுவா, தீகா, அம்பாட்” என்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ண, நானும் மலாயிலேயே எண்ணி அமுக்கினேன்.

எதிர்வீட்டுச் சீன அங்கிள் சத்தம் கேட்டு வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. நான் செய்வதைப் பார்த்து, நான் சொல்லச் சொல்ல, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்னோடு மாறி மாறி அமுக்கினார். இரண்டு நிமிடத்துக்கு மேல் தனியாக அமுக்கினால் கை தளர்ந்துவிடும், ஆழம் குறைந்துவிடும்.

ஆம்புலன்ஸ் வர 11 நிமிடம். உள்ளே வந்த மருத்துவ உதவியாளர் சட்டையைக் கத்தரித்து, மின்னதிர்ச்சிக் கருவியின் பட்டையை ஒட்டப் பார்த்தார். தைலத்தில் வழுக்கியது. துண்டால் இரண்டு முறை அழுத்தித் துடைத்த பிறகுதான் ஒட்டியது. அம்மா சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது அதிர்ச்சியில் துடிப்பு திரும்பியது.

இதயம் நின்றபின் யாரும் நெஞ்சை அமுக்காமலும் அதிர்ச்சி கொடுக்காமலும் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்றார் டாக்டர். அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. முதலாவது ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது. இரண்டாவதில், அப்பாவுக்கு நடந்ததுபோல, இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி அது துடிக்காமல் வெறுமனே நடுங்கும். அப்பாவுக்கு அடைப்பே இதைக் கொண்டுவந்திருக்கிறது. அன்றே ரத்தக்குழாயைப் படம் பிடித்துப் பார்த்து (ஆஞ்சியோ), குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள்.

பிறகு ஐ.சி.யூ. மயக்க மருந்து, செயற்கை சுவாசம், காய்ச்சல் ஏறாமல் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது. மூளை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். 72 மணி நேரமாவது போகாமல் எதையும் சொல்ல முடியாது என்றார்கள். நான்காம் நாள் தாதி “கையை அழுத்துங்க” என்று சொன்னபோது அப்பா அழுத்தினார். கண்விழித்த பிறகு “மணி என்ன, வேலைக்கு நேரமாச்சா” என்று ஒரு மணி நேரத்தில் இருபது முறை கேட்டிருப்பார். வாரக்கணக்கில் அது மெல்ல மெல்லக் குறைந்தது. விழுந்த அந்த வாரம் மட்டும் அவருக்கு இன்றுவரை நினைவில் இல்லை. விலா வலி ஆறு வாரம் இருந்தது.

மூன்று மாதம் கழித்து எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்ததில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு 45 சதவீதம். 35க்குக் கீழே போயிருந்தால் துடிப்பு தாறுமாறானால் தானே அதிர்ச்சி கொடுக்கும் ஒரு கருவியை நெஞ்சுக்குள் வைக்க வேண்டி வந்திருக்கலாம். இப்போதைக்கு மாத்திரைகள் போதும் என்றார்கள்.

அம்மா தைலத்தை மறக்கவில்லை. “நான் தேய்ச்சதுனாலதான் நேரம் போச்சு” என்று ராத்திரியில் எழுந்து அழுவார். துடைக்க ஆனது சில நொடிதான் அம்மா என்று எத்தனை முறை சொன்னேனோ. ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப எனக்கும் கத்துக்குடு” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் தரையில் ஒரு தலையணையைப் போட்டு அம்மா, தம்பி, எதிர்வீட்டு அங்கிள் மூவருக்கும் காட்டினேன். நாற்பது எண்ணுவதற்குள் அம்மாவுக்கு மணிக்கட்டு வலித்தது. கையால் தள்ளாதீர்கள், முழங்கையை நேராக வைத்து உடம்பின் பாரத்தை இறக்குங்கள் என்றேன். இரண்டாவது முறை அறுபதைத் தாண்டினார். அப்பா சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு கீழே இருக்கும் கார்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.