முப்பதாவது கொப்பி

நவம்பர் 12

விடியப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. தண்ணீர் உள்ளே வருமோ என்று கட்டிலுக்குக் கீழே குனிந்தால், என் சிறுகதைப் புத்தகக் கட்டுகள். 300 பிரதி அடித்தது. பாதிக்கு மேல் அங்கேதான் குடியிருக்கிறது. வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் என்வலப்பில் காசு வைத்துத் தந்து ஆளுக்கொன்று எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு கதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட்டுகளுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, பிளேன்ரீயோடு, நாட்குறிப்பு எழுதுகிற சீ.ஆர். கொப்பியைத் திறந்தேன். இது முப்பதாவது.

நவம்பர் 15

உப்புவெளியிலிருந்து பழைய கூட்டாளி வந்தான். கொப்பியைக் கண்டுவிட்டு, "உதால உனக்கு என்னடாப்பா வருது?" என்றான்.

"ஒண்டும் வரேல்ல."

உண்மையைச் சொன்னால், பள்ளிக்கூட நாளில் என்னைவிட நன்றாக எழுதியவன் அவன்தான். மனநிலை வரட்டும் என்று காத்திருக்கிறான், இருபத்தைந்து வருடமாக. எனக்கு மன உறுதி என்று பெரிதாக எதுவுமில்லை. ஒரு கிழமை சேர்ந்தாற்போல் காலையில் நடக்கப் போனதில்லை. தேத்தண்ணி குடிக்கிற மேசையில் கொப்பி கிடக்கிறது, அவ்வளவுதான். அலுமாரிக்குள் வைத்திருந்தால் நானும் எப்போதோ விட்டிருப்பேன்.

நவம்பர் 19

ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு இரண்டு நாளாக மேசையில். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736இல் தொடங்கி, 1761 சனவரியில் கண்ணை மூடும் காலம் வரை எழுதியிருக்கிறார். அதே மாதம் ஊரும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தக் குறிப்புகள் வெளியாருக்குத் தெரியவந்ததே 1846இல்தான். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்று நாழிகைக் கணக்கோடு இருக்கிறது. மனிதர் வியாபாரி. கணக்கு எழுதிப் பழகிய கைக்கு நாள் தவறினால் பொறுக்காது.

அப்பாவும் அப்படித்தான். கடையில் கணக்கப்பிள்ளை. ஒரு நாளை விட்டால் ஐந்தொகை உதைக்கும் என்பார். 1990இல் சண்டைக்குப் பயந்து ஓடும்போது அவருடைய கொப்பிகள் எல்லாம் வீட்டோடு போயின. மண்டபம் அகதி முகாமில் பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி, ஊசிநூலால் தைத்து, மறுபடி முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினார். போனதைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. அரிசி எவ்வளவு தந்தார்கள், வரிசை எவ்வளவு நீளம். அதுதான்.

நவம்பர் 23

மழை விட்டிருந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் ஒரு மரத்தடியில் இருந்து எழுதினேன். கச்சான் வாங்கத் திரும்பிய நேரம், ஒரு மான் தாளைக் கவ்வி அரைப் பக்கத்தை மென்றுவிட்டது. (நம்மூர் மான்களுக்குத் தாள், பொலித்தீன் என்று எதுவும் விலக்கில்லை.) திரும்ப எழுதினேன். முன்னதைவிடச் சின்னதாக, நன்றாகவே வந்தது. மான் தின்ற பகுதியில் தத்துவம் கொஞ்சம் கூடிப் போயிருந்தது.

டிசம்பர் 2

புரெவிப் புயல் அடித்த இரவில் முருங்கை விழுந்ததா இல்லையா என்று காலையில் மனைவிக்கும் எனக்கும் வாக்குவாதம். விழுந்தது என்று அவள் சத்தியம் செய்தாள். கொப்பியை எடுத்தேன்.

"2020 டிசம்பர் 2. இருட்ட முன்னமே காற்று எழும்பிவிட்டது. கறண்ட் இல்லை. முருங்கைக்குக் கயிறு கட்டினாள். தேங்காய் அரை மூடி இருக்கிறது."

அடுத்த நாள்: "கயிறு அறுந்துவிட்டது. முருங்கை நிற்கிறது. அரை மூடியில் சம்பல்."

கொப்பியைப் பறித்துக்கொண்டாள். "என்னப்பா, முழுக்கச் சாப்பாட்டைத்தான் எழுதி வச்சிருக்கிறியள்" என்றபடி, குசினி வாசலில் நின்று அந்த மாதம் முழுவதையும் வாசித்தாள். சோறு அடிப்பிடித்து மணந்தது.

"சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கோ" என்றாள்.