லினக்ஸில் கேட் (CAD) மென்பொருள்: டாங்கிளோடு பட்ட பாடு

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. என் கம்ப்யூட்டரில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், விண்டோஸ் 11 ஏற்காது. புது மெஷினுக்குக் காசில்லை, இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் போட்டேன். அது அரை மணி நேர வேலை. வீட்டு பிளான் போடும் பழைய கேட் மென்பொருளை அதில் ஓட்டத்தான் நான்கு நாள்.

முதலில் வைன், அதாவது விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி. தனி பிரிஃபிக்ஸ் (அந்த மென்பொருளுக்கென்று ஒரு தனி ஃபோல்டர்), வின்ட்ரிக்ஸ் என்ற துணைக் கருவி வழியாக டாட்நெட், கோர்ஃபான்ட்ஸ் எழுத்துருக்கள் எல்லாம் ஒழுங்காக ஏறின. ஐகானைத் தட்டினேன். முகப்புப் படம் வந்தது, அடுத்த நொடி லாக்கைக் காணோம் என்று சொல்லி மூடிக்கொண்டது. லாக் என்பது டாங்கிள்தான், லைசென்ஸுக்காக யூஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி. அதில் சிவப்பு விளக்கு எரிகிறது. யூஎஸ்பியில் செருகியவற்றைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டெர்மினலில் அடித்தால் பட்டியலிலும் இருக்கிறது! டிரைவரை வைனுக்குள் திரும்பத் திரும்பப் போட்டே இரண்டு ராத்திரி போயிற்று. விற்றவர்களுக்குப் போன் செய்தேன். "லினக்ஸா? அதுக்கெல்லாம் சப்போர்ட் கிடையாது சார்" என்று வைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ், வயிறு எரிந்தது.

விஷயம் இதுதான்: அந்த டாங்கிளின் டிரைவர் விண்டோஸ் கெர்னலுக்குள் (சிஸ்டத்தின் அடிமட்ட மையப் பகுதி) உட்கார்ந்து வேலை செய்வது. வைனில் அந்தக் கெர்னலே இல்லை. உங்கள் லைசென்ஸும் இப்படி டாங்கிளில் இருந்தால் வைனில் கைவைக்கும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் வர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் போட்டேன் (அதற்கும் முறையான லைசென்ஸ் வேண்டும்). அங்கே யூஎஸ்பி பட்டியல் காலி. நம் பயனர் பெயரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்க்க வேண்டுமாம், சேர்த்தேன். அப்போதும் காலி. லாக் அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வந்தால்தான் அது செல்லும் என்று தெரியாமல் ஒரு சாயங்காலம் வீண். பிறகு டாங்கிளை உள்ளே இருக்கும் விண்டோஸிடம் ஒப்படைக்கும் யூஎஸ்பி ஃபில்டர் போட்டதும் மென்பொருள் திறந்துகொண்டது. அந்த நிமிஷம் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்த விண்டோஸுக்கு இணைய இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறேன். கோப்புகளுக்கு ஷேர்டு ஃபோல்டர் போதும். 2டி டிராயிங் தடங்கலின்றி ஓடுகிறது. பெரிய 3டி மாடல் என்றால் இந்த வழியை நம்ப வேண்டாம், திணறுகிறது.

நேற்று 1:100-இல் ஏ3 பிரின்ட் எடுத்தேன். 'ஃபிட் டு பேஜ்' டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். ஸ்கேலை வைத்து அளந்தேன்: 3 மீட்டர் சுவர், சரியாக 30 மில்லிமீட்டர்.