தாமிரப் படுகையில் இரும்பு: ஒரு வினையூக்கி நாட்குறிப்பு

ஜனவரி 9

மெத்தனால் தயாரிக்க உதவும் தாமிர வினையூக்கியின் புதிய தொகுதிக்கான வீழ்படிவு வேலை இன்று. ஒரு பக்கம் தாமிரம், துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றின் நைட்ரேட்டுக் கரைசல். மறுபக்கம் சோடியம் கார்பனேட் கரைசல். இரண்டும் ஒரே கலனில் சொட்டுச் சொட்டாக விழும்போது பிஹெச் 7-ஐ ஒட்டியும், வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸை ஒட்டியும் நிற்க வேண்டும். குளோரைடு உப்புகளை நாங்கள் தொடுவதே இல்லை. கழுவிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிதளவு குளோரின்கூடத் தாமிரத்தின் ஆயுளைக் குறைத்துவிடும்.

முதலில் கிடைப்பது வெளிர்நீலக் கூழ். கலக்கிக்கொண்டே இருந்தால் நெடுநேரம் எந்த மாற்றமும் தெரியாது. பிறகு பிஹெச் அளவு சற்றே இறங்கி மீண்டும் ஏறும். அந்த நேரத்தில்தான் நீலம் பச்சைக்குத் திரும்பும். உருவமற்ற கூழ், துத்தநாகம் கலந்த மாலகைட்டாக, அதாவது பச்சை நிறத் தாமிரக் கார்பனேட்டுக் கனிமமாக, படிகமாகும் கட்டம் அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. இந்தப் படிகத்துக்குள் தாமிர அணுக்களும் துத்தநாக அணுக்களும் எவ்வளவு நெருங்கிக் கலக்கின்றனவோ, அந்த அளவுக்கு ரியாக்டரில் தாமிரத் துகள்கள் சிறியதாகப் பிரிந்து நிற்கும். வினையூக்கியின் தரத்தில் பெரும்பகுதி இந்தக் கலனிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து.

ஜனவரி 10

கழுவல், மீண்டும் கழுவல். சோடியம் தங்கிவிட்டால் தாமிரத் துகள்கள் சீக்கிரம் பருத்துவிடும். வேறு வேலை எதுவும் இல்லை.

ஜனவரி 16

350 டிகிரியில் சுட்டெடுத்த கரும்பொடியைச் சலித்து, சிலிக்கன் கார்பைடு மணிகளோடு கலந்து ரியாக்டர் குழாயில் நிரப்பினோம். குழாய்க்குள் நிற்கும் இந்த வினையூக்கி அடுக்குதான் படுகை. அதற்கு மேலும் கீழும் வெறும் சிலிக்கன் கார்பைடு. இன்று இரவு முழுவதும் ஒடுக்கம், அதாவது ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கும் வேலை, நடக்கும்: நைட்ரஜனில் 5 சதவீத ஹைட்ரஜன் மட்டும் கலந்து, 240 டிகிரி வரை மெல்ல மெல்ல ஏற்றுகிறோம். தாமிர ஆக்சைடு தாமிரமாகும்போது வெப்பத்தை உமிழ்கிறது. அவசரப்பட்டால் படுகையின் நடுவில் வெப்பம் எகிறி, அரும்பாடுபட்டுப் பிரித்து வைத்த துகள்களெல்லாம் ஒன்றுகூடிவிடும். பொறுமை இல்லாதவர்களை இந்தக் கட்டத்தில் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அருகில் விடக் கூடாது.

ஜனவரி 17

தொகுப்பு வாயுவைத் திறந்தாகிவிட்டது. ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, கணக்குப் பார்ப்பதற்காகச் சிறிது ஆர்கான். அழுத்தம் 50 பார், வெப்பநிலை 240 டிகிரி. அந்தக் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு வெறும் துணைக்கு வந்ததல்ல. தாமிர-துத்தநாக வினையூக்கியில் மெத்தனாலின் கார்பன் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது என்பதை 1980களிலேயே கதிரியக்கக் கார்பனைக் கொண்டு நிறுவியிருக்கிறார்கள்.

மாலையில் குளிர்பொறியில் தெளிந்த திரவம் சேர்ந்திருந்தது: மெத்தனால், கூடவே சற்று நீர். அசெட்டிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, ஒலிஃபின்கள் என்று எத்தனையோ பொருள்களுக்கு வாசல் இந்தத் திரவம். வாயுக் கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் ஒரு முகடாகக் காட்டும் வாயு குரோமட்டோகிராஃபில் மீத்தேன் இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்ட காலி. அதுதான் தாமிரத்தின் பெருமை: கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பை அது முறிப்பதில்லை.

ஜனவரி 21

மீத்தேன் வந்துவிட்டது. நேற்று சிறு மேடாகத் தெரிந்தது இன்று தெளிவான முகடு. மெத்தனால் சரிகிறது. இடையில் மாறியது ஒன்றே ஒன்று: கார்பன் மோனாக்சைடு சிலிண்டர்.

ஜனவரி 22

குழுக் கூட்டத்தில், துகள்கள் பருத்துவிட்டன என்றே பலரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. துகள் பருத்தால் வேலையின் வேகம் குறையும். முன்பு இல்லாத பொருள் புதிதாக முளைக்காது. குரோமட்டோகிராமைத் திரையில் போட்டுக் காட்டினேன். மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் எல்லாம் படிக்கட்டு போல ஒன்றைவிட ஒன்று குள்ளமாக இறங்குகின்றன. கார்பன் எண்ணுக்கு எதிராக மோல் அளவுகளின் மடக்கையை வரைந்தால் ஏறத்தாழ நேர்கோடு. கார்பன் சங்கிலி ஒவ்வோர் அணுவாக வளரும்போது கிடைக்கும் ஆண்டர்சன்-ஷுல்ஸ்-ஃபுளோரி பரவல் இது. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் ஹைட்ரோகார்பன்களாக்கும் பிஷர்-டிராப்ஷ் வினையின் கையெழுத்து. அந்த வினை நடக்க இரும்போ கோபால்ட்டோ ருதேனியமோ வேண்டும். நாங்கள் போட்டதில் மூன்றுமே இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

ஜனவரி 24

ரியாக்டரைக் குளிரவைத்து, மிகக் குறைந்த ஆக்சிஜனைச் செலுத்தி மேற்பரப்பை அடக்கிய பிறகே திறந்தோம். ஒடுக்கப்பட்ட தாமிரத்தை நேரடியாகக் காற்றில் வைத்தால் சூடாகிக் கெட்டுவிடும்.

மேலே இருந்த சிலிக்கன் கார்பைடு மணிகளில், வாயு நுழையும் பக்கத்தில் மட்டும் துருப்பழுப்பு. விரலுறையில் தேய்த்தபோது ஒட்டிக்கொண்டது. படுகையைத் துண்டு துண்டாகப் பிரித்து எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியில் வைத்தோம்: மேல் துண்டில் இரும்பு தெளிவாக இருக்கிறது, கீழே போகப் போகக் குறைகிறது, அடியில் இல்லவே இல்லை. வாயுவோடு வந்து, சூடான இடத்தைக் கண்டதும் படிந்திருக்கிறது.

ஜனவரி 25

குற்றவாளி இரும்புப் பென்டாகார்பனைல். ஓர் இரும்பணுவைச் சுற்றி ஐந்து கார்பன் மோனாக்சைடு; 103 டிகிரியில் கொதிக்கும் திரவம். எஃகு சிலிண்டரில் கார்பன் மோனாக்சைடு உயர் அழுத்தத்தில் நெடுநாள் கிடந்தால், சுவரிலிருந்தே இரும்பை உரித்து ஆவியாகக் கூட்டிவந்துவிடும். முந்தைய சிலிண்டர் அலுமினியம், இது எஃகு.

ஒரு வினையின் உயிர்நாடி இன்னொரு வினைக்கு நஞ்சு. பிஷரும் டிராப்ஷும் 1920களில் ஜெர்மனியின் மியூல்ஹைமில் எரிபொருள் எடுத்த அதே இரும்புதான் இங்கே மெத்தனாலைக் கெடுத்தது. பழைய உயர் அழுத்த மெத்தனால் ஆலைகளில் இரும்புச் சுவரை வாயு தொடாதபடி ரியாக்டரின் உட்புறத்துக்குத் தாமிர உறை போட்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டேன்.

இந்தத் துறையின் வரலாறே வாயுவைச் சுத்தமாக்கிய வரலாறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1923இல் ஜெர்மனியின் லாய்னாவில் பாஸ்ஃப் (BASF) என்ற வேதி நிறுவனம் தொடங்கிய மெத்தனால் ஆலை துத்தநாக-குரோமியம் ஆக்சைடைப் பயன்படுத்தியது. 300 டிகிரிக்கு மேல் வெப்பமும், 250 பாருக்கு மேல் அழுத்தமும் அதற்குத் தேவைப்பட்டன. தாமிரம் இதைவிடச் சுறுசுறுப்பானது என்பது அந்தக் காலத்திலேயே தெரியும். நிலக்கரி வாயுவில் இருந்த கந்தகம்தான் அதை நெருங்க விடவில்லை. கந்தகம் நீக்கிய வாயு கைக்கு வந்த பிறகு, 1966இல் பிரிட்டிஷ் வேதி நிறுவனமான ஐசிஐ தாமிரத்தைக் கொண்டு 50 முதல் 100 பார் அழுத்தத்திலேயே மெத்தனால் எடுத்தது. புதிய தனிமம் எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்த தனிமம் பிழைத்திருக்கும்படி வாயுவை மாற்றினார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் வினையூக்கியின் செய்முறை பக்கம் பக்கமாக இருக்கும். வாயுவை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

ஜனவரி 30

அதே தொகுதிப் பொடி, புதிய படுகை. சிலிண்டரை வேண்டுமென்றே மாற்றவில்லை. மாற்றினால் எதையும் நிரூபித்ததாகாது. ரியாக்டருக்கு முன்னால் கிளர்வூட்டிய கரிப் பொறி ஒன்று, அதையடுத்துச் சூடாக்கிய அலுமினா பொறி ஒன்று. கரியைத் தப்பி வரும் கார்பனைல் அலுமினாவில் சிதைந்து, இரும்பை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

பிப்ரவரி 4

மீத்தேன் இல்லை.

பிப்ரவரி 12

மெத்தனால் விளைச்சல் முதல் நாள்களில் சற்று இறங்கி, இப்போது நிலைத்திருக்கிறது. தாமிர வினையூக்கிகளில் இந்தத் தொடக்கச் சரிவு வழக்கமானது. தொடக்க மணி நேரங்களின் எண்ணைக் காட்டிப் பெருமைப்படும் பழக்கத்தை இத்துறை கைவிட வேண்டும். ஆலையில் ஒரு படுகை பல ஆண்டுகள் உழைத்தாக வேண்டும். அங்கே சரிவு முடிந்த பிறகு நிற்கும் எண்ணுக்குத்தான் மதிப்பு.

அடுத்தது வில்லைகள். பொடியை அப்படியே ஆலைக் குழாயில் கொட்ட முடியாது, அழுத்த இழப்பு தாங்காது. வில்லையாக அழுத்தினால் நுண்துளைகள் நெரிந்து, உள்ளே இருக்கும் தாமிரத்துக்கு வாயு போய்ச்சேரத் தாமதமாகும். தளர்வாக அழுத்தினால் ஒடுக்கத்தின்போதே உதிரும். பிணைப்புக்குக் கிராஃபைட் சேர்த்து, மூன்று வெவ்வேறு அழுத்தங்களில் வில்லை போடச் சொல்லியிருக்கிறேன். நொறுங்கு வலிமையை ஒடுக்கத்துக்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். அந்த ஓட்டம் முழுவதும் பொறிகள் இரண்டும் இடத்திலேயே இருக்கும். கரியை எப்போது மாற்றுவது என்பதற்கான அட்டவணையைக் கட்டுப்பாட்டுப் பலகையில் இன்றே ஒட்டிவிட்டேன்.