மழைநீர்ப் பீப்பாயில் சொட்டுநீர்: கடைசிச் செடி வரை வந்துவிட்டது

வரிசையின் முதல் செடிக்கும் கடைசிச் செடிக்கும் இப்போது ஒரே அளவு தண்ணீர் விழுகிறது. மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு மீட்டர் மேடையில் நிற்கும் மழைநீர்ப் பீப்பாய்தான் எல்லாம். பெருமையாகவே இருக்கிறது.

10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஒரு மீட்டர் மேடைக்குக் கிடைப்பது 0.1 பார். எனவே டிரிப்பரில் (குழாயில் செருகும் சொட்டுமுனை) அழுத்தத்தைச் சமன்படுத்தும் வகை இதற்கு ஆகாது; சாதாரண வகையே போதும். 1 பாரில் மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர், பீப்பாயில் அடித்தண்ணீர் மட்டும் மிஞ்சும்போது சுமார் 1.3 லிட்டர் விடும். மண்ணுக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது; மேலே தேங்காமல் வேர்ப்பக்கம் இறங்குகிறது.

படுத்தி எடுத்தது காற்று. நடைபாதைக் கல்லைத் தாண்டும் இடத்தில் குழாய் கையகலம் மேலே ஏறி இறங்கியது. அதற்கு முன்னால் இருந்தவை சொட்டின, பின்னால் இருந்தவை வறண்டு கிடந்தன. டிரிப்பர்களைக் கழற்றினால் ஒரு துகள்கூட இல்லை. மேட்டு உச்சியில் காற்று சேர்ந்து வழியை மறிக்கிறது. மோட்டார் என்றால் அடித்துத் தள்ளிவிடும். பீப்பாய்க்கு அந்தத் தெம்பு கிடையாது. கல்லுக்கு அடியில் மண்ணைப் பறித்துக் குழாயை இறக்கி, முனை வரை ஒரே சரிவாக்கினேன். பிறகு முனைமூடியைக் கழற்றிவிட்டு வால்வை முழுவதும் திறந்தேன். முதலில் புஸ்ஸென்று காற்று, அடுத்து துப்பித் துப்பிக் கலங்கல் தண்ணீர். விக்கல் நின்று, கண்ணாடிக் குச்சி போல ஒழுக்கு வந்த பிறகே மூட வேண்டும். இங்கே அவசரம் உதவாது. கடைசியில் எல்லா டிரிப்பருக்கும் அடியில் ஒரே மாதிரி டப்பா வைத்து, கால் மணி நேரம் பிடித்து அளந்து பார்த்துவிடுங்கள். கண்மதிப்பை நம்பக் கூடாது.

டைமர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்காந்தத்தால் திறக்கும் சொலினாய்டு வால்வு வகைகளில் பல, திறப்பதற்கே அழுத்தம் கேட்கும். துளையுள்ள பந்தைத் திருப்பித் திறக்கும் பந்து வால்வு வகை பீப்பாய்க்கும் ஒத்துவரும். குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்பதைப் பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சிட்டால் எத்தனை பேருக்கு அலைச்சல் மிச்சமாகும்!

அடுத்து இன்னொரு பீப்பாயை அடிப்பக்கமாக இணைக்கப் போகிறேன். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 20 சதுர மீட்டர் கொட்டகைக் கூரைக்கு 10 மில்லிமீட்டர் மழையே 200 லிட்டரைக் கொட்டிவிடும். அது வழிந்தோடுவதைப் பார்க்க மனம் ஆறவில்லை.

அதற்கு முன் முதல் வரிசைக்கே பாதி மூடாக்கு பாக்கி. இரண்டாம் வரிசைக் குழாய் இன்னும் சுருளாகவே கிடக்கிறது. வெயிலில் போட்டு இளகிய பிறகுதான் விரிக்க வேண்டும். சுருள் விடாமல் விரித்தால் நெடுக மேடு விழும், மேடு விழுந்தால் மறுபடி காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.