அம்மா நடக்கப் பழகும் நாட்கள்

ஜூன் 4, 2025, புதன்

நாளைக் காலை அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. வயது 76. கீழே விழுந்ததில் வலது தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்பு மூட்டில் பொருந்தும் தலைக்குக் கீழே உள்ள ஒடுங்கிய பகுதி, முறிந்து விலகியிருக்கிறது. கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்ததுமே, எக்ஸ்ரே எடுக்கும் முன்பே டாக்டர் சொல்லிவிட்டார்.

சித்தப்பா புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்று பிடிவாதமாக நின்றார். அவர் கை முறிவு அங்கேதான் கூடியது. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இடம் வேறு. பந்து போன்ற எலும்புத் தலைக்கு ரத்தம் பெரும்பாலும் கழுத்து வழியாகத்தான் ஏறுகிறது. அங்கே முறிந்து விலகினால் ரத்த ஓட்டம் அறுபட்டு, எலும்பு கூடாமலே போகலாம். அதனால்தான் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்துகிறார்கள். பாதி மூட்டு மாற்று. நாள் கடத்தினால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். எல்லாவற்றையும் கேட்டவர், ஒன்றும் சொல்லாமல் ரத்தம் கொடுக்க ஆள் தேடப் போனார்.

ஜூன் 6, வெள்ளி

நேற்றுதான் அறுவை சிகிச்சை. இன்றே எழுந்து நிற்கச் சொன்னார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பயத்தைவிடக் கோபம் அதிகம். பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். “பாட்டி, முழு எடையையும் இந்தக் கால் தாங்கும். பயப்படாமல் ஊன்றுங்கள்” என்று வாக்கரை முன்னால் நகர்த்தி வைத்தாள். அம்மாவின் குதிகால் தரையைத் தொடவில்லை, விரல்நுனியிலேயே நின்றாள். அந்தப் பெண் குனிந்து குதிகாலைப் பிடித்து மெல்லத் தரையில் அமர்த்தினாள். கட்டிலிலிருந்து நாற்காலிவரை நடந்ததும் தலைசுற்றல். அதுவே போதும் என்றார்கள்.

ஜூன் 11, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூட்டைப் பின்பக்கமாகத் திறந்து பொருத்தியிருப்பதால் நழுவும் அபாயம் உண்டு. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. குந்துவதும் சம்மணமும் அறவே கூடாது. எங்கள் வீடு தரையில் வாழும் வீடு. அரிவாள்மணை, பூஜை, பூத்தொடுப்பது எல்லாமே கீழே. ஆசாரி கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். கமோடு நாற்காலி வந்தது. மிதியடிகளை எல்லாம் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை.

ஜூன் 20, வெள்ளி

பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஓர் உபதேசமும் கொண்டுவருகிறார்கள்: “பாவம், படுத்தே இருக்கட்டும்.” அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த வயதில் படுத்துக் கிடந்தால் தொடைச் சதை கண்ணெதிரே வற்றிவிடும். உலோகத் தலையை டாக்டர் பொருத்திவிட்டார். அதை நடக்க வைக்க வேண்டியது சதை. அத்தையிடம் இன்று சற்றுக் கடுமையாகவே பேசினேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலைப் பயிற்சி. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பிறகு பின்புறச் சதையை இறுக்கித் தளர்த்துவது, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. நின்றுகொண்டு காலைப் பக்கவாட்டில் விரிப்பதுதான் அம்மாவுக்குப் பிடிக்காதது; முக்கியமானதும் அதுதான். இடுப்பின் பக்கவாட்டுச் சதை பலவீனமாக இருந்தால் நடக்கும்போது உடல் ஒருபக்கம் சாயும். அம்மா ஏமாற்றுவாள்: காலை விரிக்காமல் உடம்பைச் சாய்த்துவிடுவாள். தோளைப் பிடித்து நேராக்கினால், “உன் வேலையைப் போய்ப் பார்” என்று அதட்டல். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்கினால் அதட்டல் குறைகிறது.

ஜூலை 28, திங்கள்

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்றால், அது ஏற்கெனவே நலிந்திருந்தது என்று பொருள். அதற்கு மருந்து தராமல் விட்டால் அடுத்த முறிவு காத்திருக்கும். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு. அதைச் சரிசெய்து, சிறுநீரகத்தையும் சோதித்த பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றும் சொலெட்ரானிக் அமில மருந்தை இன்று கொடுத்தார்கள். நாமே கேட்க வேண்டிய விஷயம் இது. வீட்டில் வயதானவர்கள் இருப்போர் தயவுசெய்து கேளுங்கள். இரவு அம்மாவுக்குக் காய்ச்சல். முதல் தடவை அப்படி வருவதுண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாக்கர் போய்க் கைத்தடி வந்துவிட்டது. வலது கால் நோகும் கால் என்பதால் தடி இடது கையில். வாசற்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் நோகும் காலும் முதலில். அம்மா அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்குகிறாள். கோலம் போட வேண்டும் என்று தொடங்கிவிட்டாள். குனியக் கூடாது என்றேன். “அப்படியானால் நீ போடு, நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன்” என்றாள். நாளையிலிருந்து சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி.